இறங்காத அழுத்தம்

“சொட்டு மருந்து விட்டும் உங்க கண் அழுத்தம் இறங்கல, சார். லேசர் பண்ணிடலாம்” என்றார் டாக்டர்.

உடன் வந்த மனைவிக்குச் சந்தேகம். “மருந்தே போலியா? இல்ல, லேசர்ல தள்ளிவிடத்தான் மெஷின் கூட்டிக் காட்டுதா?”

டாக்டர் கணவரிடம் திரும்பினார். “மருந்தை ஒழுங்கா விடுறீங்களா?”

“இவரை நம்பினா மறந்துடுவார். தினமும் நானே என் கையால விடுறேன்!” என்றாள் மனைவி.

“எங்கே, இப்ப விட்டுக் காட்டுங்க.”

கணவர் அண்ணாந்தார். அவள் வீறாப்பாகப் பாட்டிலைப் பிதுக்கினாள். “பார்த்தீங்களா?”

சொட்டு கண்ணில் விழாமல் அவர் கன்னத்தில் வழிந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

டாக்டர் திகைத்தார். “இத்தனை நாளா ஏன் சார் சொல்லல?”

“உன் பார்வை மங்குதுன்னு இவகிட்ட சொன்னா சண்டைக்கு வருவா. தனக்குன்னா ஆஸ்பத்திரி பக்கமே எட்டிப் பார்க்கமாட்டா.” கணவர் எழுந்து, நாற்காலியை மனைவி பக்கம் நகர்த்தினார். “எனக்குன்னாதான் வருவா, டாக்டர். முதல்ல இவ கண்ணைப் பாருங்க.”