தானாக நடக்கும் வேலை

"இனிமே நான் வரவே வேண்டியதில்லீங்க" என்று சிரித்தபடி கீபோர்டை அவள் பக்கம் தள்ளினான்.

தன் வருகைக்குத் தானே பூட்டுப் போட்டுவிட்டு இளிக்கிறானே, இவனெல்லாம் ஒரு மனுசன்!

அம்சவேணி பெயிண்ட் கடையில் பில் போடுகிறவள். அவன் தங்கமுத்து. கடையின் பில்லிங் சாஃப்ட்வேரைச் சரிபார்க்க மாதம் ஒருமுறை ஈரோட்டிலிருந்து வருகிறவன்.

வந்ததும் சாஃப்ட்வேரை மூடச் சொல்வான். டேட்டாபேஸில் சேர்ந்த குப்பையைக் கூட்டி, வெளி டிஸ்கில் ஒரு நகல் எடுத்து முடிக்கும்வரை ஒரு பில்லும் போட முடியாது.

முதலாளி கடுகடுவென்று கையால் பில் எழுதுவார்.

அவளுக்கு வேலை இருக்காது. அது ஓடி முடியும்வரை அவனுக்கும்தான்.

திரையைப் பார்த்தபடியே பேசுவார்கள். அவன் அம்மாவின் முட்டிவலி, அவள் தம்பி வாங்கிய கறவை மாடு, இப்படி என்னென்னவோ. அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகத்தான் மாதம் முழுக்கக் காத்துக் கிடந்தாள்.

இனி எல்லாம் தானாக நடக்குமாம். மதியம் கடை சாத்தியிருக்கும்போது அதுவே கூட்டி, அதுவே நகலெடுத்து வைத்துவிடுமாம்.

"நடுவுல நின்னுபோச்சுன்னா?"

"என் போனுக்கு மெசேஜ் வந்துருமுங்க. ஓடி வந்துர மாட்டனா?"

போய்விட்டான்.

அது நிற்கவே இல்லை.

தினமும் மதியம் சாத்திய கடைக்குள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு திரையைப் பார்ப்பாள். எல்லாம் சரியாக முடிந்ததாகப் பச்சையில் ஒரு வரி வரும். பாழாய்ப்போனது, ஒருநாளாவது தவறக் கூடாதா?

தீபாவளி வியாபாரம் வந்து போனது. பொங்கலுக்கு ஊரே சுவருக்கு வண்ணம் அடித்தது. அவன் குரலைக் கேட்டால் போதும் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

ஒரு மதியம் சோறு இறங்கவில்லை. மேசைக்கு அடியில் எட்டி, நகலெடுக்கும் டிஸ்கின் வயரைப் பிடுங்கிவிட்டாள்.

அன்று பச்சை வரி வரவில்லை.

சாயங்காலம் வாசலில் பைக் சத்தம். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். மேசைக்கு அடியில் குனிந்தான். வயர் தொங்குவதைப் பார்த்தான்.

நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

அவளுக்கு உயிரே போய்விட்டது.

"என்னப்பா, பெரிய ரிப்பேரா?" கல்லாவிலிருந்து முதலாளி கேட்டார்.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். ஒரு ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"ஆமாங்க" என்றான். "இன்னைக்கு முடியாதுங்க. நாளைக்கும் வரோணும்."