டிக்கிக்குள் மச்சினன்

கார் எலக்ட்ரீஷியனுக்கும் அவர் மச்சினனுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது தெருவுக்கே தெரியும். அவர் பாட்டரி கோளாறு என்றால் இவன் வயரில் கோளாறு என்பான். ஒரு ஹெட்லைட் மங்கினால்கூட இருவரும் அரைநாள் கத்துவார்கள். கடையில் ஆளுக்குப் பாதி என்பதால் மச்சினனை விரட்டவும் வழியில்லை.

எதிர்க்கடைத் தையல்காரருக்கு இந்தச் சண்டைதான் பொழுதுபோக்கு. அன்று காலையும் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடணும். உள்ள போடா!" என்று உறுமினார் எலக்ட்ரீஷியன்.

"மூச்சு முட்டிச் செத்துட்டா அக்காகிட்ட என்ன சொல்லுவீங்க மாமா?"

"வாயை மூடிட்டு மடங்கிப் படு!"

தையல்காரர் எட்டிப் பார்த்தார். வெள்ளைக் காரின் டிக்கிக்குள் மச்சினன் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தான். எலக்ட்ரீஷியன் டிக்கியைப் படாரென்று சாத்தி, நன்றாக மூடியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தார்.

இது கொலைதான் என்று தையல்காரர் முடிவு கட்டிவிட்டார். ஆனாலும், வாழ்நாளில் எதற்குமே சாட்சியாக இருந்திராதவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். போலீசுக்குப் போன் பறந்தது.

ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஆடுகிற ஜீப்பில் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். பதவி உயர்வுக்கு ஒரு நல்ல கொலை கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவர் அவர்.

"டிக்கியில யாருய்யா?"

"என் மச்சினன்தான் சார். கொஞ்சம் பொறுங்க, இப்பத் திறந்தா எல்லாம் வீணாப் போயிடும்!"

"ஓஹோ! அதுக்கு நான் காவல் நிக்கணுமா?" என்று விலங்கை மாட்டினார் இன்ஸ்பெக்டர்.

தெரு கூடிவிட்டது. நேற்றுவரை "அண்ணே, அண்ணே" என்று குழைந்த டீக்கடைக்காரர், "எனக்கு அப்பவே தெரியும், அந்தாளு முழியே சரியில்ல" என்றார்.

எலக்ட்ரீஷியன் அழாத குறையாகக் கெஞ்சினார். "இது டாக்டரோட கார் சார். மத்தியானத்துக்குள்ள தரலைன்னா என் பேரே கெட்டுடும்."

"இனிமே கெடுறதுக்கு என்னய்யா பாக்கி இருக்கு?"

இன்ஸ்பெக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு டிக்கியைத் திறந்தார்.

வேர்த்து விறுவிறுத்துக் கிடந்த மச்சினன், தலைக்கு மேலிருந்த குட்டி பல்பைக் காட்டிக் கூவினான்: "கையும் களவுமாப் பிடிச்சுட்டேன் மாமா! டிக்கியைச் சாத்தின பிறகும் இது அணையவே இல்ல. டாக்டர் கார் பாட்டரியை விடிய விடியக் குடிச்சுத் தீர்த்தது இந்தத் திருட்டு பல்புதான்!"