ரவுனோவுக்கு ஒரு ஜோடி கையுறை

"இன்னும் கதகதப்பா வேணும்" என்றாள் மிர்வா.

மேஜைமேல் ஏற்கெனவே கையுறைகள் குவிந்து கிடந்தன. ஐந்து விரலும் தனித்தனியாக உள்ளவை, நண்டுக்கொடுக்கு மாதிரி இரண்டாகப் பிரிந்தவை, விரலே பிரியாமல் பை போல இருப்பவை. ஒவ்வொன்றிலும் கையை நுழைத்து, மடக்கிப் பார்த்து, முகம் சுளித்து உருவிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கா?" என்று கேட்டார் ஓலாவி. கடையும் அதன் பின்னால் இருந்த சைக்கிள் பட்டறையும் அவருடையவை.

"வீட்டுக்காரருக்கு. வேலை முடிஞ்சு நேரா இங்கதான் வர்றாரு, போட்டுப் பார்க்க. அதுக்குள்ள நல்லதா ஒண்ணு எடுத்து வெச்சிடணும்."

வெளியே மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. பிற்பகலிலேயே இருட்டிவிட்டது. இறுகிய பனிமேல் சைக்கிள்கள் நறநறவென்று போய்க்கொண்டிருந்தன. இந்தக் குளிருக்கெல்லாம் பின்லாந்தின் ஓவுலுவில் யாரும் சைக்கிளை உள்ளே வைத்துப் பூட்டுவதில்லை.

அவள் கணவன் ரவுனோவும் காகித ஆலைக்கு சைக்கிளில்தான் போய்வருவான். திரும்பி வரும்போதுதான் வினை.

கதவைத் திறந்ததும் "கை செத்துப்போச்சுடி" என்பான். செத்த கைக்கு உயிர் திரும்பும்போது ஊசி ஊசியாகக் குத்தும். அந்த வலியில் எதிரே நிற்பவள்மேல் கை நீண்டுவிடுகிறது. மிர்வா அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கோடையில் விழுந்த அடிகளுக்கு வேறு காரணங்கள் வைத்திருந்தாள்.

முதலில் கம்பளியில் வாங்கிக் கொடுத்தாள். காற்று புகுந்துவிட்டதாம். அவளுடைய முன்பல் போனது.

அடுத்து, உள்ளே ரோமம் வைத்த தோலுறை. வியர்த்து, வியர்வை உறைந்துவிட்டதாம். அவள் மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்துக் கதவை அறைந்து சாத்தினான். பனியில் வழுக்கி விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னாள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் கையை முறித்துக்கொண்டு வருகிறார்கள். நர்ஸ் தலையை ஆட்டிவிட்டுக் கட்டுப் போட்டாள்.

மூன்றாவது ஜோடியை நேற்று மாலை கழற்றி அவள் முகத்தில் விட்டெறிந்தான். "ஒரு கையுறை ஒழுங்கா வாங்கத் தெரியுதா உனக்கு?"

அதற்குப் பிறகு நடந்ததை அவள் கழுத்தில் சுற்றியிருந்த துண்டு மறைத்திருந்தது. இன்று காலை பழைய தோலுறையை மாட்டிக்கொண்டு, சாயங்காலம் கடைக்கே வந்து போட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

"இப்ப எதைப் போட்டுட்டு ஓட்டுறாரு? அதக் காட்டுங்க, அதவிடத் தடிமனா பார்க்கலாம்" என்றார் ஓலாவி.

மிர்வா பையிலிருந்து மூன்றாவது ஜோடியை எடுத்து வைத்தாள். ஓலாவி அதில் கையை விட்டார். தாடி குலுங்கச் சிரித்தார்.

"அட, இதவிட நல்லது என்கிட்டயே இல்லீங்க. இதப் போட்டுக்கிட்டு உறைஞ்ச ஏரியில நாள் முழுக்க மீன் பிடிக்கலாம். எவ்வளவு தூரம் ஓட்டுறாரு?"

"நாலு கிலோமீட்டர்."

"நாலுதானா!" ஓலாவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நாலு கிலோமீட்டருக்குள்ள இதுல கை குளிருதுன்னா, உங்க வீட்டுக்காரர் நல்லா ரீல் விடுறாரு. வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் கழுவச் சொல்லிடுவீங்களோன்னு பயம் போல!"

மிர்வா சிரிக்கவில்லை.

மேஜைமேல் கிடந்த அந்தக் கையுறைக்குள் தன் கையை மெதுவாக நுழைத்தாள். எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். ஓலாவி வேறு பெட்டி ஒன்றைத் திறந்து காட்டியது அவள் காதில் விழவில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஒரு சைக்கிள் விளக்கு வளைந்து முற்றத்துக்குள் திரும்பியது.

மிர்வா கழுத்துத் துண்டை அவிழ்த்தாள்.

ஓலாவியின் சிரிப்பு பாதியில் நின்றது. கழுத்தின் இரண்டு பக்கமும் விரல்கள் பதிந்து கன்றிக் கறுத்திருந்தன. தாடைக்கு அடியில் கட்டைவிரல் தனியாகத் தெரிந்தது.

"வர்றது... அவரா?"

தலையை அசைத்தாள்.

ஓலாவி ஓடிப்போய்க் கதவைப் பூட்டினார். திரும்பி வரும்போது கையில் ஒரு பெரிய ஸ்பேனர் இருந்தது.

ரவுனோ கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று முதலில் சிரித்தான். கைப்பிடியை இழுத்தான். பிறகு அவளுடைய வெறும் கழுத்தைப் பார்த்தான்.

"கதவத் திறடி!"

முஷ்டியால் குத்தினான். காலால் உதைத்தான். வாசலில் நின்ற இரும்பு விளம்பரப் பலகையைத் தலைக்குமேல் தூக்கி வீசினான். கண்ணாடி நட்சத்திரம் நட்சத்திரமாக வெடித்தது. இன்னொரு முறை வீசினான். வெளிக் கண்ணாடி சலசலவென்று பனியில் கொட்டியது. குளிருக்காகப் போட்டிருந்த உள் கண்ணாடி மட்டும் நின்றது.

"வீட்டுக்கு வருவல்ல? எலும்பு மிஞ்சுதான்னு பார்க்குறேன்!"

ஓலாவி போனில் போலீசுக்குக் கடை விலாசத்தைக் கத்திக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். போனை மிர்வாவிடம் நீட்டினார்.

"அவரு என்ன செஞ்சாருன்னு கேக்குறாங்கம்மா."

பலகை மறுபடியும் கண்ணாடியில் மோதியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பல்லைச் சொல்லலாம், மணிக்கட்டைச் சொல்லலாம். வாயில் வந்தது வேறு.

"நேத்து என் கழுத்த நெரிச்சாரு" என்றாள். "வெளிய இருந்து வந்த உடனே."

மேஜைமேல் கிடந்த கையுறையைப் பார்த்தாள்.

"கை சூடாத்தான் இருந்துச்சு."