செவலையின் ஊர்

ஊரைத் திட்டாமல் செவலைப் பசுவுக்குத் தீனி இறங்காது. அன்றும் மேம்பாலத் தூணில் இருந்த சுவரொட்டியைக் கிழித்துத் தின்றபடி ஆரம்பித்தது. “பசையில மாவே இல்ல, வெறும் தண்ணி. இந்த ஊர்ல எதுதான் உறுதியா இருக்கு?”

போன வாரம் லாரியிலிருந்து குதித்துத் தப்பி வந்த வெள்ளாடு தலையாட்டியது. “ஆமாக்கா, வெளங்காத ஊரு.”

செவலைக்குச் சுருக்கென்றது. விட்டது ஒரு முட்டு. “நான் நாலு கன்னு போட்ட ஊருடி இது! நேத்து வந்தவ நீ பேசுவியா?”

அதற்குள் மாடு பிடிக்கிற வண்டி வந்து நின்றது. ஆட்கள் செவலையின் கழுத்தில் கயிற்றைப் போட்டு, வாலை முறுக்கி ஏற்றினார்கள்.

தூணுக்குப் பின்னாலிருந்து ஆடு கேட்டது, “இப்பவாச்சும் சொல்லுக்கா, இதெல்லாம் ஒரு ஊரா?”

செவலை கழுத்தை இழுத்துப் பார்த்தது. முடிச்சு இறுகியது.

“எங்க ஊருக் கயிறுடி,” என்றது. “எவ்வளவு உறுதி, பாத்தியா?”