கோலியைக் குடுக்கலாமோ

"கோலியை வேறை ரீமுக்குக் குடுத்தால்தான், மச்சான், ரீமின்ரை சம்பளம் லிமிட்டுக்குள்ள நிக்கும்."

"உனக்கென்ன விசரே? கோல் காக்கிறவன் இல்லாமல் ஐஸ் ஹொக்கியோ?"

கணவன் ஜெயந்தனும் சிநேகிதன் மாமாங்கமும் காலையிலிருந்தே கத்திக்கொண்டிருந்தார்கள். குசினியில் நின்ற பரிமளத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போர் முடிந்துவிட்டதென்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஊரில், முள்ளிவாய்க்காலில் இருந்த அவள் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. டெலிபோன் அடித்தாலும் இந்தக் கூச்சலில் கேட்குமா?

சத்தம் போடுவதற்கென்றே ஹோலுக்கு வந்தாள்.

டெலிபோன் வயர் சுவரிலிருந்து கழற்றி விடப்பட்டிருந்தது.

ஜெயந்தன் தலையைக் குனிந்தான். "உன்ரை அக்கா அஜக்ஸில இருந்து காரில வாறா. அவ வந்து சேரட்டும் எண்டுதான் சொல்லாமல் இருந்தனாங்கள்."

பரிமளம் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"நிப்பாட்டாதேங்கோ," என்றாள். "கதையுங்கோ. கோலியைக் குடுக்கிறியளோ, வைச்சிருக்கிறியளோ?"