முன்வரிசையில் ஆண்டாயி

அரியலூரில் கருத்தரங்கக் கூடத்தின் விளக்குகளை அணைத்திருக்கிறார்கள். வெளியே சிமெண்ட் லாரி போகும்போதெல்லாம் சன்னல் கண்ணாடி அதிர்கிறது. மேடையில் பேராசிரியர் பஞ்சநாதன் பேசுகிறார். கீழே அவருடைய ஆய்வு மாணவி தென்றல், அவர் கடைசி நேரத்தில் நீட்டிய பென்டிரைவிலிருந்து படங்களை மாற்றிக்கொண்டிருக்கிறாள். பெண் ஊராட்சித் தலைவர்களைத் தேடி முந்திரிக்காடெல்லாம் அவள் அலைந்து சேர்த்தது முழுக்க, "நானே நேர்ல போய்ப் பாத்தேன்" என்று அவர் வாயில் தேனாக வழிகிறது. பல்லைக் கடித்துக்கொள்கிறாள். "அடுத்தத போடும்மா." தட்டுகிறாள். திரை நிறையத் தலைவர் ஆண்டாயி. அவருடைய நாற்காலியில் துணைத்தலைவர் சாய்ந்திருக்க, ஆண்டாயி தரையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார். யாருக்கும் காட்டமாட்டேன் என்று சத்தியம் செய்து தென்றல் எடுத்த படம். ஆய்வேட்டுக்குச் சான்று வேண்டும் என்று சார் கேட்டதால் அவரிடம் மட்டும் கொடுத்தது. கூடம் உச்சுக்கொட்டுகிறது. சற்றுமுன் தன் கையாலேயே பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்காரவைத்தவர்தான் படத்தில் இருப்பவர் என்பது பஞ்சநாதனுக்குத் தெரியவில்லை. ஆண்டாயிக்குப் பக்கத்து நாற்காலியில் அதே துணைத்தலைவர், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். ஆண்டாயி மேடைப் பக்கமே திரும்பவில்லை. மடிக்கணினி வெளிச்சம் விழுந்த தென்றலின் முகத்தைப் பார்த்து, "காட்ட மாட்டேன்னியே பாப்பா" என்கிறார்.