அடுப்பு

கட்டைவிரல் நகத்தை டயரில் அழுத்தினாள். பள்ளம் விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அது மூடிக்கொள்ள அவசரப்படவில்லை.

இது சாஃப்ட்.

பக்கத்தில் அடுக்கியிருந்த நான்கில் நகம் இறங்கவே இல்லை. அது மீடியம்.

எதைப் போடலாம் என்று கேட்டான் அவன். ஜாக்கியைக் காருக்கு அடியில் தள்ளிக்கொண்டே கேட்டான்.

கேட்பது அவன் வழக்கம். கேட்டுவிட்டு மற்றதை எடுப்பதும் வழக்கம். திரைச்சீலை, குக்கர், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், எல்லாவற்றிலும் அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து, தான் கைகாட்டாத பொருட்களால் நிறைந்த வீட்டில் அவள் குடியிருக்கிறாள்.

சூலூர் தாண்டி, மூடிக்கிடக்கும் ஒரு மில்லின் லாரி மைதானம். மே மாதம். ஆரஞ்சுக் கோன்களை வளைத்து வளைத்து வைத்துப் பாதை போட்டிருந்தார்கள். காலையில் பழைய டயரில் பயிற்சி முடிந்துவிட்டது. இனி ஆளுக்கு ஒரே ஓட்டம். யார் நேரம் குறைவோ, அவரைக் கார் கிளப் சென்னை இறுதிப் போட்டிக்கு அனுப்பும்.

ஒருவரை மட்டும்.

அவளுக்கு அந்த இடம் வேண்டும். வேறு எதையும் வாழ்க்கையில் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

கார் ஒன்று. ஓட்டுபவர்கள் இருவர். சாஃப்ட் டயர் சூடேறினால்தான் தரையைப் பிடிக்கும். அதனால் எப்போதும் அவள்தான் முன்னால் ஓட்ட வேண்டும். ஆறிப்போன டயரில் வழுக்கி வழுக்கி ஒரு சுற்று. பிறகு அவன் ஏறுவான். பதமாகச் சூடான டயரில் ஓட்டிக் கோப்பையை வாங்கிக்கொண்டு வருவான்.

கிளப்பில் அவளுக்கு அடுப்பு என்று பேர். வைத்தவன் அவன்தான். அவள் ஓட்டி முடித்து வந்தால், கொடி காட்டுகிறவர்கள்கூட அடுப்பு பத்திக்கிச்சா என்று கேட்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் விளையாட்டு தெரியாதவள் என்பார்கள்.

இன்று தரை கொதித்தது. செருப்பைக் கழற்றி ஒரு காலை வைத்துப் பார்த்தாள். வைக்க முடியவில்லை.

இந்தச் சூட்டில் சாஃப்ட் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். ஒரு ஓட்டம் தாங்கும். அடுத்த ஓட்டத்துக்குள் குழைந்துவிடும்.

இதைச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். பாடம் மறந்துவிட்டது. கோப்பைகள் மட்டும் நினைவிருக்கின்றன.

"மீடியமே போதுங்க," என்றாள். "வெயில் ரொம்ப இருக்கு."

அவன் சாஃப்டை உருட்டிக்கொண்டு வந்தான்.

அவள் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இனித்தது.

முதல் வளைவில் கார் லேசாக வழுக்கியது. அடுத்ததில் பிடித்துக்கொண்டது. அதன்பின் திருப்பிய பக்கமெல்லாம் திரும்பியது. இத்தனை நாளாக இவன் ஓட்டிக்கொண்டிருந்தது இதைத்தானா என்று ஆத்திரமாக வந்தது. ஒரு கோன்கூட விழவில்லை.

முடிவுக்கோட்டைத் தாண்டித் திரும்பி வரும்போது, பிரேக்கை மிதித்து, இடமும் வலமும் ஒடித்து, டயரை நன்றாகத் தேய்த்துக் கொண்டுவர வேண்டும். அவன் என்றோ போட்ட உத்தரவு. இன்று அதை ஒன்றுக்கு இரண்டாக நிறைவேற்றினாள். ரப்பர் நாறியது.

அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். டயர் எப்படி இருக்கிறது என்றான்.

நல்ல சூடு என்றாள்.

இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஹெல்மெட்டைக் கழற்றித் தலைமுடியை உதறிக்கொண்டாள்.

அவன் ஏறிக் கிளம்பினான். இரண்டாவது வளைவில் கார் திரும்பாமல் நேராகப் போனது. கோன்கள் பறந்தன. அவன் பதறி ஒடித்தான். பின்பக்கம் சுழன்றது. இன்னும் சில பறந்தன. விழுகிற ஒவ்வொரு கோனுக்கும் நேரம் கூடும்.

பாவமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை.

அவன் இறங்கினான். முன் டயரில் விரலை வைத்தான். சட்டென்று எடுத்தான். குனிந்தபடியே அவளைப் பார்த்தான்.

புரிந்துவிட்டது.

கிளப் செயலாளர் நஞ்சப்பன் நேரத்தைப் படித்தார். அவள்தான் முதல். கூட்டம் சேர்ந்தது. அதற்குள் அவன் முகத்தைச் சரிசெய்துகொண்டு வந்து அவள் தோளில் கை போட்டான்.

"பாவம், எத்தனை நாளைக்குத்தான் அடுப்பாவே இருப்பா? நாந்தான் விட்டுக் குடுத்தேன்."

கைதட்டினார்கள். பெரிய மனசு என்றார்கள். நஞ்சப்பன் அவளுக்கு வாழ்த்துச் சொன்னார். குலுக்கியது அவன் கையை.

நின்ற இடத்திலேயே அவளுடைய வெற்றி அவனுடைய தர்மமாகிவிட்டது. அவள் மறுத்தால் நன்றிகெட்டவள். சும்மா இருந்தால் சாகும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

தோளிலிருந்த கையை எடுத்துக் கீழே விட்டாள்.

"அண்ணா, என் நேரத்த அழிச்சிருங்க. டயர் ஆறட்டும். இன்னொருக்கா ஓட்டிப் பாத்தரலாம். இந்தவாட்டி அவரு முன்னால போகட்டும்."

கையில் இருந்த சென்னையை அவளே தூக்கி நடுவில் வைத்துவிட்டாள்.

நஞ்சப்பன் அவனைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

அவன் சிரித்தான். நேரமாகிவிட்டது என்றான். பிள்ளை தேடும் என்றான். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறதோ என்றான்.

அவள் காருக்குப் போய் அவனுடைய ஹெல்மெட்டை எடுத்து வந்தாள். உள்ளே வேர்வை இன்னும் காயவில்லை.

அதை நீட்டிக்கொண்டே நின்றாள்.